கல்லோடு கல்லாக ஒரு பறவை



கதிர்காமம் போறவங்க யாரும் மாணிக்க கங்கையில் குளிக்காமல் திரும்புவதில்லை. நம் ஊவா மலைப் பக்கம் பிறக்கும் அந்த ஆறு, கதிர்காமத்தைத் தாண்டி யால காட்டு வழியாகக் கடலுக்குப் போகிறது. அதன் கீழ்ப்பக்கத்திலும் கடலோரத்திலும் வாழும் ஒரு பறவையைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் இதற்கு 'கிரேட் திக்-நீ' என்று பெயர். பெரிய தடித்த முழங்கால் என்று அர்த்தம். ஆனால் முழங்கால் மாதிரித் தெரிவது உண்மையில் அதன் கணுக்கால்! எனக்குக் கேட்டால் அலகை வைத்துத்தான் பெயரிட்டிருக்க வேண்டும். தடித்த, நீண்ட அலகு. அடியில் மஞ்சள், மற்றதெல்லாம் கறுப்பு. மேல் விளிம்பு ஏறக்குறைய நேராக இருக்கும். கீழ் விளிம்புதான் நுனிப் பக்கம் மேல்நோக்கி வளையும். நண்டுதான் இதற்கு முக்கிய இரை. ஓட்டை உடைக்க அந்தக் கனத்த அலகு வேணும்தானே. கண் பெரிசு, மஞ்சள் நிறம். பகலில் அசையாமல் நின்றுவிட்டு, பொழுது சாய்ந்த பிறகே இரை தேடும். இரவில் ஊளை போலக் கத்தும். கேட்டவர்கள் பேய் என்று பயந்தாலும் ஆச்சரியமில்லை.

இது கூடு கட்டுவதில்லை. வெறும் மணலிலோ கல்லுக்கு நடுவிலோ ஒன்றிரண்டு முட்டை இடும். முட்டையும் கல் நிறம், குஞ்சும் மணல் நிறம். கழுகுக்குத் தெரியாது, சரி. ஆனால் மனுசன் காலுக்கும் தெரியாதே! ஆள் வந்தால் தாய்ப்பறவை சத்தமில்லாமல் ஓடிப்போகும்; அதுவரைக்கும் முட்டை வெயிலில் கிடந்து வேகும். நாய் வந்தால் கதை முடிந்தது.

பாகிஸ்தானில் இருந்து வியட்நாம் வரைக்கும் இருக்கும் இந்தப் பறவையை, அழியும் ஆபத்தை நெருங்கும் இனமாக உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வைத்திருக்கிறது. ஆற்றை மறித்து அணை கட்டுவதும், ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டம் கூடுவதும்தான் முக்கிய காரணம். மணலை அள்ளிவிட்டால் முட்டையிட இடமே இல்லை. நம் நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆற்று மணல் அள்ளுவது குற்றம் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

குமண, யால வழியாகப் பாத யாத்திரை போறவங்க கும்புக்கன் ஆற்றையும் மாணிக்க கங்கையையும் கடக்கும்போது, போட்ட பாதையிலேயே நடங்க. பின்னால் வரும் நாயை ஊரிலேயே விட்டுட்டு வாங்க. பிள்ளைகள் ஆற்று மணலில் புள்ளி போட்ட கல்லைக் கண்டால், எடுக்கும் முன் குனிந்து நல்லாப் பார்க்கச் சொல்லுங்க.