கியோட்டோவின் கோயில்களும் ஒரு சமையலறையும்

794ஆம் ஆண்டில் ஜப்பானின் தலைநகரான கியோட்டோ, அதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பேரரசர்களின் இருப்பிடமாக விளங்கியது. அந்நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 17 தலங்கள் 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஐந்து நாள்களில் அனைத்தையும் பார்த்துவிட இயலாது, முயலவும் கூடாது. நாளொன்றுக்கு இரண்டு கோயில்கள் என வகுத்துக்கொண்டு, நான்காம் நாளைச் சமையல் வகுப்புக்கென ஒதுக்கினோம்.

கருங்கல் கோயில்களைக் கண்டு வளர்ந்த நமக்கு, ஜப்பானியரின் மரக்கோயில்கள் முதலில் வியப்பையும் பிறகு சிந்தனையையும் தருகின்றன. மேலிரு தளங்களிலும் பொன்தகடு போர்த்திக் குளத்தில் நிழல் விழ நிற்கும் கின்காகுஜி, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அஷிகாகா யோஷிமிட்சு அமைத்த மாளிகையின் பகுதி. 1950இல் இளந்துறவி ஒருவர் வைத்த தீயில் அது எரிந்துபோயிற்று. இன்று நாம் காண்பது 1955இல் மீண்டும் எழுப்பப்பட்டது. கியோமிசு கோயிலின் புகழ்பெற்ற மேடையும் 1633ஆம் ஆண்டின் மறுகட்டுமானமே. சுமார் 13 மீட்டர் உயரத்தில், ஆணியின்றி ஒன்றோடொன்று கோத்த மரத்தூண்கள் அதைத் தாங்குகின்றன. எரிந்தால் மீண்டும் கட்டுவது, கட்டும் முறையை மறவாமல் கைமாற்றித் தருவது. இவ்வூரில் பழமை என்பது பெரும்பாலும் கைத்திறனில்தான் வாழ்கிறது.

இனி, உணவு. எங்களுடன் வந்திருந்த அம்மாவுக்கு வயது 71. மீனும் முட்டையும் தொட்டறியாதவர். காய்கறிகள் மட்டுமே மிதக்கும் சாற்றைக் காட்டி, ‘மீன் உண்டா?’ எனக் கேட்டால், ‘இல்லை’ என்றே பல கடைகளில் மறுமொழி வந்தது. அது பொய்யன்று. துண்டு மீன் அதில் இல்லை. ஆயினும் ஜப்பானியச் சமையலின் அடித்தளமான ‘தாஷி’ என்னும் சாறு, பெரும்பாலும் புகையிட்டு உலர்த்திய சூரை மீனின் சீவல்களால் ஆனது. சாற்றை அவர்கள் மீனாகக் கருதுவதில்லை. இதை அறிந்த அம்மா, மூன்று நாள்களாக வெறுஞ்சோறும் ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடியுமாகவே காலம் கழித்தார். கோயில் படிகளில் அவர் நடை தளர்ந்ததை நாங்கள் கவனிக்காமல் இல்லை.

ஆகவேதான், ‘ஷோஜின் ரியோரி’ எனப்படும் பௌத்த மடாலயச் சமையலைக் கற்பிக்கும் வகுப்பைத் தேர்ந்தெடுத்தோம். அதில் மீன், இறைச்சி இல்லை. வெங்காயம், பூண்டும் இல்லை. பழைய மரவீடு ஒன்றில் ஆறு பேருக்கான வகுப்பு. ஆசிரியை முதலில் கையில் எடுத்தது, பலகைபோல் உலர்ந்த ஒரு கடற்பாசி. அதன் பெயர் ‘கொம்பு’ என்றதும் அம்மா சிரித்துவிட்டார்.

ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 10 கிராம் கொம்பு. துடைத்து, குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மெல்லிய தீயில் ஏற்றி, நீர் கொதிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். ஊறிய உலர்காளானின் நீரையும் சேர்த்தால் மீனில்லாத தாஷி ஆயத்தம். வடகோடியான ஹொக்கைடோவில் விளையும் இக்கடற்பாசி, எடோ காலத்தில் கப்பலேறிக் கியோட்டோவுக்கு வந்தது. அதன் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டை 1908இல் பிரித்தறிந்து, அச்சுவைக்கு ‘உமாமி’ எனப் பெயரிட்ட இகேதா கிகுனாயே கியோட்டோவில் பிறந்தவரே.

அடுத்தது எள்ளில் செய்யும் ‘கோமா தோஃபு’. உட்புறம் வரிவரியாகக் கீறிய மண்சட்டியில் மரக்குழவியால் எள்ளை அரைத்து, கிழங்கு மாவும் நீரும் கூட்டி, கை ஓயாமல் கிளற வேண்டும். சிறிது நேரத்தில் ஆசிரியையிடமிருந்து துடுப்பை அம்மா வாங்கிக்கொண்டார். அல்வா கிளறிப் பழகிய கை அது. பதம் திரண்டு சட்டியை விட்டு விலகும் கணத்தை அவரே முதலில் கண்டு தலையசைத்தார். ஆசிரியை ஒரு சொல்லும் கூறாமல் அடுப்பை அணைத்தார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. அன்று அம்மா இரண்டாம் முறை சாறு கேட்டு வாங்கிக் குடித்தார்.

மாலையில் அருகிலிருந்த கென்னின்ஜிக்கு நடந்தோம். 1202இல் எய்சாய் நிறுவிய ஜென் மடம் அது. அங்கே பயின்ற டோகென், 1237இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். மகிழ்ந்த மனம், பெற்றோரின் மனம், விரிந்த மனம் ஆகிய மூன்றும் சமைப்பவருக்கு வேண்டும் என்கிறது அந்நூல். பிற்பகலில் கண்டதற்கு அதைவிடச் சிறந்த உரை எங்களுக்குத் தேவைப்படவில்லை.

பயணம் மேற்கொள்ளும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். சமையல் வகுப்புக்கு முன்பதிவு செய்யும்போதே, தாஷியிலும் மீன் கூடாது எனத் தெளிவாக எழுதிவிடுங்கள். பல கோயில்களில் நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கமே வேண்டும் என்பதால், சிறு மதிப்பு யென் தாள்களையும் நாணயங்களையும் கைவசம் வைத்திருப்பது நலம். உணவகங்களில் அன்பளிப்புப் பணம் வைக்கும் வழக்கம் இல்லை.

‘நிகு மோ சகானா மோ தபேமசேன்’ என்றால் ‘இறைச்சியும் மீனும் உண்பதில்லை’ என்று பொருள். அம்மா அதைத் தமிழ் எழுத்தில் ஒரு சீட்டில் குறித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கடைசி நாள் நிஷிகி சந்தையில், ஊறுகாய்க் கடைக்காரரிடம் சீட்டைப் பார்த்து அவரே வாசித்தார். ‘தாஷி’ என்றும் சேர்த்துக்கொண்டு கையை அசைத்தார். கடைக்காரர் சற்று யோசித்து, முன்வரிசையில் இருந்ததை ஒதுக்கிவிட்டு, செந்நிற ஷிசோ இலையோடு ஊறிய கத்தரிக்காய்த் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.