யானை வகுத்த வழி

ஓசூருக்குத் தெற்கே, தேன்கனிக்கோட்டையைக் கடந்தால், மேலகிரி மலைத்தொடர் காவிரிக்கரை வரை நீள்கிறது. அக்காட்டு ஒற்றையடிப் பாதைகள் பலவற்றை முதலில் வகுத்தவை யானைகளே என்று என் மாணவர்களுக்கு நான் கூறுவதுண்டு. கனத்த உடலுடைய யானை, செங்குத்தான ஏற்றத்தைத் தவிர்த்து, சரிவு குறைந்த வழியே நீர்நிலைகளை நாடிச் செல்லும். செல்லும் வழியில் இடும் சாணத்திலிருந்து விதைகள் முளைத்து மரங்களாகின்றன.

கேழ்வரகு முற்றும் பருவத்தில், கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இங்கு வருகின்றன. பழகிய தடத்தில் சாலையும் வேலியும் கட்டடமும் குறுக்கிட்டால், அவை வயலுக்குள் திரும்புகின்றன. உழவரும் மாள்கின்றனர், யானையும் மாள்கிறது. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என இரு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டன. காடுகளை இணைக்கும் வழி அடைபட்டால், சரணாலயம் தீவாகிவிடும் அல்லவா?

மாணவர்களே, பாதையைக் காப்பதே காட்டைக் காப்பதாகும்.