ஒரு பகுதியை மட்டும் அழித்தால் போதும்

வைஃபை ரவுட்டரின் பாஸ்வேர்டு மறந்துபோனால், பின்பக்கத்துச் சின்ன ஓட்டைக்குள் ஊசியை விட்டுச் சில விநாடி அழுத்துகிறோம். பெட்டி புதிதாக வாங்கியதுபோல் ஆகிவிடுகிறது. உள்ளே இருந்ததெல்லாம் அழிந்து, மென்பொருள் மறுபடி ஏற்றப்பட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். நன்றாக வடிவமைத்த லினக்ஸ் ரவுட்டரில் நடப்பது அதுவல்ல. ஃபிளாஷ் சிப்பில் ஒரேயொரு பகுதிதான் காலியாகிறது. மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் அழிக்க முடிவதால்தான் இந்தப் பெட்டிகளை அஞ்சாமல் பழுதுபார்க்க முடிகிறது.

2004-ல் தொடங்கிய ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதில் மூல மென்பொருள் 'ஸ்குவாஷ்எஃப்எஸ்' என்ற, வாசிக்க மட்டுமே முடிகிற ஃபைல் சிஸ்டத்தில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். நாம் மாற்றும் செட்டிங்குகள் 'ஜேஎஃப்எஃப்எஸ்2' போன்ற, எழுதக்கூடிய தனிப் பகுதிக்குப் போகும். அச்சிட்ட பக்கத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்துத் திருத்தம் எழுதுவதுபோல, இரண்டையும் ஒன்றாகக் காட்டுவது 'ஓவர்லே'. 'ஃபர்ஸ்ட்பூட்' என்ற கட்டளை அந்த மேல்தாளை மட்டும் நீக்குகிறது. மேல்பகுதி கெட்டுப்போய் ரவுட்டர் எழ மறுத்தாலும் வழி இருக்கிறது: 'ஃபெயில்சேஃப்' முறையில் அந்தப் பகுதியைச் சேர்க்காமலே, மூல மென்பொருளைக் கொண்டு பூட் செய்து, பிறகு இதே கட்டளையைக் கொடுக்கலாம்.

'எதற்கு இந்த நுணுக்கம், சிப் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் சுத்தமாக இருக்காதா?' என்று கேட்கலாம். பெட்டியை முதலில் எழுப்பும் பூட்லோடரும் அதே சிப்பில்தான் இருக்கிறது. அதை எழுதும் நடுவில் கரண்ட் போனால் பெட்டி உயிரற்றுப்போகும். அதைவிட முக்கியம், ஏதராஸ் சிப் கொண்ட பல ரவுட்டர்களில் இருக்கும் 'ஆர்ட்' என்ற சிறு பகுதி. அந்தக் குறிப்பிட்ட பெட்டியின் ரேடியோவுக்காகத் தொழிற்சாலையில் அளந்து எழுதிய திருத்த மதிப்புகள் அதில் இருக்கும். மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். இந்த மதிப்புகளை, முன்கூட்டி நகலெடுத்து வைக்காவிட்டால், எங்கிருந்தும் பெற முடியாது. தேய்மானமும் உண்டு. ஃபிளாஷில் 1-ஐ 0 ஆக்கலாம். 0-வை மீண்டும் 1 ஆக்க வேண்டுமானால் ஒரு பிளாக் முழுவதையும் அழித்தாக வேண்டும். இத்தனை முறைதான் அழிக்கலாம் என்று ஒவ்வொரு பிளாக்குக்கும் வரம்பு இருக்கிறது.

இந்த முறையை எல்லா நோய்க்கும் மருந்தாகச் சொல்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. மூல மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் ரீசெட் அதை அடைக்காது. அதற்கு அப்டேட்தான் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரில் ஃபர்ஸ்ட்பூட் ஃபைல்களை நீக்க மட்டுமே செய்கிறது. ஜேஎஃப்எஃப்எஸ்2-வில் நீக்கம் என்பது பெரும்பாலும் புதிய குறிப்பொன்றை எழுதுவதுதான். பழைய பாஸ்வேர்டின் பிட்டுகள் சிப்பில் சிலகாலம் கிடக்கக்கூடும். பெட்டியை விற்பவருக்கு இது போதாது. சிப்பே தேய்ந்திருந்தால் இன்று சரியானது விரைவில் மறுபடி கெடும். ஆனால் இவையெல்லாம் ரீசெட்டின் எல்லைகள். முழு அழிப்புக்கான காரணங்கள் அல்ல. விற்கும்போதும், எழுதும் பகுதியின் பிளாக்குகளை மட்டும் முழுமையாக அழித்தால் போதும். எதை இழக்கலாம், எதை இழக்கவே கூடாது என்பதை வடிவமைப்பவர் முதலிலேயே பிரித்து வைத்திருந்தால், பழுதுபார்ப்பவர் அந்தக் கோட்டை மதித்தால் மட்டும் போதும்.