பக்கக் குறிநோக்கியும் ரைபிளும்

கண்ணின் பார்வை நேர்கோட்டிற் செல்லும். குண்டோ புவியீர்ப்பினால் வளைந்து தாழும். இவ்விரண்டும் வேண்டிய தொலைவிற் சந்திக்குமாறு குறிநோக்கியைத் திருத்துவதையே சுடுநர் 'ஜீரோ' செய்தல் என்பர். வீட்டில் என்.சி.சி. பயிற்சி பெற்ற இளைஞர் இருப்பின், நேயர்கள் இச்சொல்லைக் கேட்டிருக்கவும் கூடும். குறிநோக்கி குழலுக்கு நேர் மேலே அமையாமற் பக்கத்தில் அமைந்தால் என்ன நேரும் என்பதை இங்குக் காண்போம்.

இவ்வமைப்புப் புதியதன்று. இந்தியப் படையில் நெடுங்காலம் வழங்கிய பிரென் துப்பாக்கியில் தோட்டாப்பெட்டி குழலின்மேல் நிமிர்ந்து நின்று பார்வையை மறைத்தது. ஆதலின் குறிநோக்கிகளை இடப்புறம் ஒதுக்கி அமைத்தனர். இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில், அமெரிக்கர் காரண்ட் ரைபிளில் தொலைநோக்கி பொருத்த முற்பட்டபோதும் இத்தகைய இடையூறே எழுந்தது. எட்டுத் தோட்டாக்கள் அடங்கிய கிளிப்பை மேலிருந்தே செருக வேண்டியிருந்தமையால், தொலைநோக்கியை இடப்பக்கம் தள்ளினர். கன்னம் அதற்கேற்ப அமையத் தோலணை ஒன்றையும் கட்டினர். பழைய இரும்புக் குறிநோக்கியும் பயன்பட்டு வந்தது. இவ்வாறு ஒரே ரைபிளில் இரு குறிநோக்கிகள் இடம்பெற்றன.

பக்க விலகலின் விளைவை ஒரு கணக்கால் அறியலாம். குறிநோக்கி குழலுக்கு இடப்புறம் 4 செ.மீ. விலகியுள்ளது என்றும், 50 மீட்டரில் ஜீரோ செய்யப்பட்டது என்றும் கொள்வோம். 25 மீட்டரில் குண்டு குறிக்கு வலப்புறம் 2 செ.மீ. தள்ளிப்படும். 50 மீட்டரில் இரு கோடுகளும் சந்தித்து, பின்னர் ஒன்றையொன்று கடந்து செல்லும். 100 மீட்டரில் குண்டு இடப்புறம் 4 செ.மீ., 200 மீட்டரில் 12 செ.மீ. விலகும். இரு கோடுகளையும் இணையாக வைத்தாலோ, எத்தொலைவிலும் வலப்புறம் 4 செ.மீ. என்னும் அளவு மாறாது. எம்முறையைக் கொள்வது என்பதை இலக்கின் தொலைவே முடிவு செய்யும்.

இன்றைய போட்டிகளில், தொலைவிலக்குக்கு மேலே ஒரு தொலைநோக்கியும், அண்மை இலக்குக்குப் பக்கத்தில் 45 பாகை சாய்ந்த ஒளிப்புள்ளிக் கருவியும் பொருத்துகின்றனர். வலக்கைச் சுடுநர் பெரும்பாலும் அதனை வலப்பக்கம் வைப்பர். ரைபிளை இடப்புறம் 45 பாகை உருட்டியதும் அக்கருவி குழலுக்கு நேர் மேலே வந்துவிடும். பக்க விலகல் நீங்கிவிடும். ஆகவே அதனை ஜீரோ செய்யும்போதும் ரைபிளை அவ்வாறே உருட்டிப் பிடித்துச் சுடவேண்டும். நிமிர்த்திப் பிடித்துத் திருத்தினால், மேல்கீழ்த் திருத்தமும் பக்கத் திருத்தமும் ஒன்றோடொன்று கலந்து குழப்பும்.

முறை இதுதான். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை முதலிற் கண்ணால் உறுதி செய்க. முதன்மைத் தொலைநோக்கியைத் தளர்த்தாமல், பக்கக் கருவியின் திருகுகளைத் தயாரித்தோர் குறித்த அளவுக்கு முறுக்குக. திருகின் தலையிலும் பிடியிலும் சேர்த்து ஒரு வண்ணக் கோடு இட்டு வைத்தால், பின்னாளில் திருகு நெகிழ்ந்தது தெரியும். பிறகு 25 மீட்டரில் மூன்று முதல் ஐந்து குண்டுகள் சுட்டு, அவற்றின் நடுவிடத்தைக் கொண்டு திருத்துக. தனி ஒரு குண்டைக் கொண்டு திருத்தலாகாது. ஒரு சொடுக்குக்கு 0.1 மில்லிரேடியன் நகரும் கருவியாயின், 100 மீட்டரில் 1 செ.மீ., 25 மீட்டரில் கால் செ.மீ. மாறும். எனவே அங்கு 2 செ.மீ. பிழைக்கு எட்டுச் சொடுக்குகள் வேண்டும். அடுத்து மற்றத் தொலைவுகளிலும் சுட்டுப் பார்த்து, விலகலைக் குறிப்பேட்டில் எழுதுக. முடிவில் முதன்மைத் தொலைநோக்கியையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

இவையனைத்தும் உரிமம் பெற்றவர், உரிய சுடுகளத்தில், மேற்பார்வையாளர் முன்னிலையிற் செய்யற்பாலன. ஒளிப்புள்ளி இலக்கின்மேல் தெளிவாகத் தெரிவதனாலேயே குண்டும் அங்குச் செல்லும் என்று நம்புதல் தகாது. சோதித்தறியாத குறிநோக்கி, குறிநோக்கியே இல்லாமையினும் தீங்கானது. அது சுடுநருக்குப் பொய்யான துணிவைத் தந்துவிடும்.