பால் காய்ச்ச வராத பழனி

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆலங்குடியை விட்டு வெளியே போகும் எந்தச் சாலையில் நின்றாலும் இரண்டு கோஷ்டிகளைப் பார்க்கலாம். சர்க்கரை இறங்குவதற்காக நடக்கிறவர்கள் ஒரு கோஷ்டி. பட்டாளத்தில் சேருவதற்காக ஓடுகிறவர்கள் இன்னொன்று. முதல் கோஷ்டி டீக்கடை வந்ததும் நின்றுவிடும். இரண்டாவது நிற்காது.

1.6 கிலோமீட்டர் ஓட்டம். அதில் ஓடி முடிக்கும் நேரத்தைப் பொறுத்து மார்க். அதற்குத்தான் இந்தப் பாடு!

நானும் ஒரு காலத்தில் ஓடியவன்தான் ஸார். மார்பளவு 77 சென்டிமீட்டர் இருக்கணும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரியணும் என்பது விதி. நான் கண் பிதுங்க இழுத்தும் மூன்றுக்கு மேல் விரியவில்லை. பேசாமல் பி.காம். சேர்ந்துவிட்டேன். 'நாடு தப்பிச்சுது மாப்ளே' என்று நண்பர்கள் இன்றைக்கும் கிண்டலடிப்பார்கள்.

ஓடுகிற பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் ஞாபகம் வருவார். ஹவில்தார் கே.பழனி.

ஆலங்குடியிலிருந்து அறந்தாங்கி தாண்டித் தெற்கே போனால் ராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை தாலுகா வரும். வானம் பார்த்த பூமி. அங்கே கடுக்கலூர் என்ற சின்னக் கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் பழனி. பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். தம்பியும் ராணுவத்துக்கே போனார். அண்ணன் போன பாதையில் தம்பி போவது நம் பக்கத்தில் சகஜம்தானே!

பழனியின் சர்வீஸ் 22 வருஷம். கணக்குப் படித்த புத்தி சும்மா இருக்குமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. ஒரு நாள்கூட வெட்டுப்படாமல் முழுசாகக் கிடைத்தாலும் 22 வருஷத்துக்கு 1,980 நாள். அதாவது ஐந்தரை வருஷம்கூட இல்லை. பெண் பார்த்தது, தாலி கட்டியது, மகனையும் மகளையும் தூக்கிக் கொஞ்சியது, ஊர்த் திருவிழா, உறவு வீட்டுத் துக்கம்... எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும்.

லீவில் வரும் பட்டாளத்துக்காரரிடம் நம் ஊரில் கேட்கும் கேள்வியைக் கவனித்திருக்கிறீர்களா? 'எப்ப வந்தே?' என்பார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள், 'எப்பத் திரும்பணும்?'

மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து ராமநாதபுரத்தில் ஒரு வீடு கட்டினார் பழனி. 2020 ஜூன் மாத ஆரம்பத்தில் புதுமனை புகுவிழா. லடாக் எல்லையில் மே மாதத்திலிருந்தே சீன ராணுவத்தோடு உரசல். அவரால் வர முடியவில்லை. வீட்டுக்காரர் இல்லாமலே வீட்டில் பால் பொங்கியது.

ஜூன் 15, இரவு. கல்வான் பள்ளத்தாக்கு. ஏறக்குறைய 14,000 அடி உயரம். கீழே ஐஸாய்க் குளிரும் ஆறு. இரு தரப்பும் பின்வாங்குவதாகப் பேசி முடித்திருந்த சமயத்தில் மோதல் வெடித்தது. எல்லைக் கோட்டருகே துப்பாக்கியால் சுடுவதில்லை என்று 1996-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டிருந்தன. அன்றைக்கும் ஒரு தோட்டாகூடச் சீறவில்லை. கல், தடி, ஆணி அடித்த இரும்புக் கம்பிகள்... ஆதிகாலத்துச் சண்டை!

பழனி யார் தெரியுமா? 81-வது பீல்டு ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர். பீரங்கிப் படைக்காரர். பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இலக்கை அடிக்கப் பயிற்சி பெற்ற மனிதர், முகத்துக்கு முகம் நடந்த கைகலப்பில் படுகாயம் அடைந்தும் விலகாமல் நின்று, சக வீரர்களைக் காக்கப் போராடி உயிரை விட்டார். வயது 40.

மறுநாள் ராணுவம் முதலில் அறிவித்தது மூன்று பேரின் மரணத்தை. பீகார் ரெஜிமென்ட்டின் 16-வது பட்டாலியன் தளபதி கர்னல் சந்தோஷ் பாபு, சிப்பாய் குந்தன் குமார் ஓஜா, நம் பழனி. ராத்திரிக்குள் கணக்கு இருபதாகிவிட்டது. காயத்தோடு உறைபனியில் கிடந்தவர்கள் பிழைக்கவில்லை. அந்த எல்லையில் 1975-க்குப் பிறகு மோதலில் உயிர் போனது அப்போதுதான். தங்கள் பக்கம் நான்கு பேர் இறந்ததாகச் சீனா ஒப்புக்கொண்டது 2021 பிப்ரவரியில்.

மதுரைக்கு விமானத்தில் வந்த பழனியின் உடல், ஜூன் 18 அன்று கடுக்கலூரில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. இந்த முறை 'எப்பத் திரும்பணும்?' என்று யாரும் கேட்கவில்லை.

2021-ல் வீர் சக்ரா அறிவித்தார்கள். அதே வருஷம் நவம்பரில் ஜனாதிபதி கையால் அவருடைய மனைவி வாங்கிக்கொண்டார். பரம் வீர், மகா வீர் சக்ராக்களுக்கு அடுத்தபடியான போர்க்கால விருது அது. போர் என்று யாருமே அறிவிக்கவில்லை. ஆனால் பதக்கம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டது.

இப்போது அந்த ஓட்டக்காரப் பையன்களிடம் வருவோம். பழனி சேர்ந்த காலத்தில் பதினைந்து வருஷம் முடித்தால் ஜவானுக்குப் பென்ஷன் உண்டு. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேருபவருக்கு நாலு வருஷம்தான். அதன் பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். பென்ஷன் கிடையாது.

'வெறும் வயித்துப் பொழைப்புக்குத்தான் போறானுக' என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சுலபமாகச் சொல்லிவிடலாம். பிழைப்புக்குத்தான் போகிறார்கள், யார் இல்லை என்றது? நானும் நீங்களும் ஆபீஸுக்குப் போவதும் அதற்குத்தானே? ஆனால் நம் வேலையில் தப்பு நடந்தால் மெமோ வரும். அவர்கள் வேலையில் எல்லாம் சரியாக நடந்தாலும் பெட்டி வரலாம். அது தெரிந்துதான் அந்தப் பதினெட்டு வயசுப் பையன் இருட்டில் ஓடுகிறான்.

அடுத்த தடவை பஸ்ஸில் பச்சை டிரங்குப் பெட்டியோடு ஒரு தம்பி ஏறினால், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். 'எப்ப வந்தே?' என்று தாராளமாகக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி வேண்டாம், ஸார். அந்தத் தேதியை அவன் ஏற்கெனவே எண்ணிக்கொண்டுதான் இருப்பான்.