டாக்டர் நல்லவர்தான்... ஃப்ரிட்ஜ் ரிஜிஸ்டர் சரியா இருக்கா? இங்கிலாந்து கிராமத்து கிளினிக்குகளில் என்ன சோதிக்கிறார்கள்?

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போன நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். போன முதல் மாதமே ‘ஜி.பி. ரிஜிஸ்ட்ரேஷன் பண்ணிட்டியா?’ என்று யாராவது விசாரித்திருப்பார்கள். ஜி.பி. என்றால் அங்கே குடும்ப மருத்துவர். அவசரமில்லாத எந்த நோய்க்கும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கணும்னாலும் பெரும்பாலும் அவர் கடிதம் கொடுத்தால்தான் வழி. விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 1,035 பவுண்டு (மாணவர்களுக்கு 776) ஹெல்த் சர்சார்ஜ் கட்டுகிறார்களே, அந்தப் பணத்துக்கு முதலில் திறக்கும் கதவு இதுதான்.

லண்டன், பர்மிங்ஹாம் மாதிரி நகரங்களில் ஒரு கிளினிக் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்கு மாறிவிடலாம். கம்ப்ரியா, டெவன் பக்கத்து கிராமங்களில் அது அவ்வளவு சுலபமில்லை. சுற்றியிருக்கும் பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரே கிளினிக் இருக்கும். அது சரியில்லை என்றால் யார் கண்டுபிடிப்பது?

யார் இந்த சி.க்யூ.சி.?

2009-ல் செயல்படத் தொடங்கிய ‘கேர் குவாலிட்டி கமிஷன்’ என்ற ஒழுங்குமுறை அமைப்புக்குத்தான் இந்தப் பொறுப்பு. சுருக்கமாக சி.க்யூ.சி. ஜி.பி. கிளினிக்குகள் பெரும்பாலும் அரசு நேரடியாக நடத்துபவை அல்ல. டாக்டர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்தி, என்.எச்.எஸ். ஒப்பந்தத்தில் இலவச சிகிச்சை கொடுக்கிறார்கள். இங்கிலாந்து முழுக்க 6,000-க்கும் மேல் இருக்கின்றன. (ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கு இந்த அமைப்பு பொருந்தாது, அங்கே வேறு ஏற்பாடு.)

2014 அக்டோபரிலிருந்து ஜி.பி. கிளினிக்குகளுக்கும் ரேட்டிங் உண்டு. பாதுகாப்பானதா, சிகிச்சை பலன் தருகிறதா, அக்கறையோடு நடத்துகிறார்களா, மக்களின் தேவைக்கு ஈடுகொடுக்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா என்று 5 கேள்விகள். மிகச் சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது என்று 4 தரநிலைகள். கிடைத்த ரேட்டிங்கை வாசலிலும் வெப்சைட்டிலும் மாட்டியே ஆக வேண்டும். 2015 ஏப்ரலிலிருந்து அது சட்டம். பெரும்பாலான கிளினிக்குகள் ‘நன்று’ வாங்கிவிடுகின்றன.

உள்ளே வந்தால் என்ன பார்ப்பார்கள்?

டாக்டர் ஊசி போடும் அழகையெல்லாம் இல்லை. தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜைத் திறப்பார்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா, தினமும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். நடுவில் ஒரு நாள் 11 டிகிரி என்று எழுதியிருந்தால், அன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. எழுதியது குற்றமில்லை, எழுதிவிட்டுச் சும்மா இருந்ததுதான் பிரச்னை.

ஆக்சிஜன் சிலிண்டர், இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், அவசர மருந்துகளின் காலாவதித் தேதி, எல்லாமே பார்க்கப்படும். உயிருக்கு ஆபத்தான அழைப்புகளுக்கு ஆம்புலன்ஸ் சராசரியாக 7 நிமிடத்தில் போக வேண்டும் என்பது இங்கிலாந்தின் இலக்கு. ஒற்றையடிச் சாலையில் பல மைல் தள்ளியிருக்கும் ஊருக்கு அந்த சராசரி பொருந்துமா என்ன? அங்கே அந்த சிலிண்டர்தான் முதல் உதவி.

உண்மையான சோதனை நடப்பது கம்ப்யூட்டரில். ஆய்வுக் குழுவில் வரும் ஒரு டாக்டர், நோயாளிகளின் பதிவுகளில் குறிப்பிட்ட சில தேடல்களை ஓட்டுவார். உதாரணத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மாத்திரை. வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டியது. கல்லீரலையும் எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கக்கூடியது என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். டெஸ்ட் எடுப்பது தூரத்து ஆஸ்பத்திரியாக இருக்கும், மாத்திரை எழுதுவது கிராமத்து ஜி.பி.யாக இருக்கும். ‘அவங்க பாத்திருப்பாங்க’ என்று இவர்கள் நினைக்க, ‘ரிசல்ட் அனுப்பிட்டோமே’ என்று அவர்கள் நினைக்க, நடுவில் மாத்திரை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். ரிசல்ட்டைப் பார்த்த பிறகுதான் அடுத்த மாத்திரையை எழுதினார்களா என்பதை இந்தத் தேடல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆஸ்துமாவுக்கான நீல நிற இன்ஹேலரும் அப்படித்தான். ஒரே ஆளுக்கு ஒரு வருடத்தில் 12-க்கு மேல் போயிருக்கிறதா? அப்படியானால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். யாராவது கூப்பிட்டு விசாரித்தார்களா?

இதில் எதையும் நோயாளியால் கண்டுபிடிக்க முடியாது. டாக்டர் சிரித்த முகமாக இருப்பார், ரிசப்ஷனில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மருந்தும் தவறாமல் வரும். வெளியிலிருந்து பார்த்தால் அஞ்சு ஸ்டார்தான்.

கிளினிக்கே மெடிக்கல் ஷாப்பாகவும் இருந்தால்?

கிராமங்களுக்கே உரிய இன்னொரு விஷயம் இது. மருந்துக்கடையிலிருந்து 1.6 கிலோமீட்டருக்கு (அவர்கள் கணக்கில் ஒரு மைல்) அப்பால் கிராமப்புறத்தில் வசிப்பவர்களுக்கு, அனுமதி பெற்ற கிளினிக் தானே மருந்து கொடுக்கலாம். வயதானவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் டாக்டர் எழுதியதை ஃபார்மசிஸ்ட் ஒருவர் தனியாகச் சரிபார்க்கும் அந்த இரண்டாவது கண் இங்கே பல நேரம் இருக்காது. அதனால் மருந்து மாற்றிக் கொடுக்கப் போய்க் கடைசி நொடியில் சுதாரித்த சம்பவங்களைப் பதிவு செய்கிறார்களா என்று ஆய்வாளர்கள் தோண்டுவார்கள். மார்ஃபின் போன்ற மருந்துகளின் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்பார்கள்.

இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு: ஹெரால்ட் ஷிப்மன். மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் தனியாக கிளினிக் நடத்திய ஜி.பி. டயாமார்ஃபின் ஊசி போட்டு நோயாளிகளைக் கொன்றவர். 2000-ல் 15 கொலைகளுக்குத் தண்டிக்கப்பட்டார். பிறகு நடந்த விசாரணை 215 பேரைக் கணக்கிட்டது. ஊர் மக்களுக்கு அவர் ரொம்பப் பிடித்த டாக்டர்!

ஃபெயில் ஆனால் மூடிவிடுவார்களா?

உடனே இல்லை. அறிக்கையின் வரைவை முதலில் கிளினிக்குக்கு அனுப்பி, தகவல் பிழை இருந்தால் சொல்ல 10 வேலை நாள் கொடுக்கிறார்கள். ‘போதாது’ என்று வந்தால் ‘ஸ்பெஷல் மெஷர்ஸ்’ என்ற கண்காணிப்பு, 6 மாதத்துக்குள் மறு ஆய்வு. ஆபத்து கடுமையாக இருந்தால் நீதிமன்றம் மூலம் பதிவையே ரத்து செய்யலாம்.

கிராமத்தில் சிக்கலே இங்கேதான். மூடினால் அந்த நோயாளிகள் எங்கே போவார்கள்? பக்கத்து ஊர் கிளினிக் ஏற்கெனவே நிரம்பியிருக்கும், பஸ் எப்போதாவது ஒன்று. அதனால் வேறொரு குழுவைத் தற்காலிகமாக நடத்தச் சொல்வதும் உண்டு. அங்கே ஒரு மோசமான ரேட்டிங் வந்தாலே வேலைக்கு டாக்டர் கிடைப்பது இன்னும் கஷ்டமாகிவிடும் என்று டாக்டர்கள் தரப்பு புலம்புவதில் நியாயம் இருக்கிறது. அதற்காக ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் மாத்திரை எழுதியதைக் கண்டும் காணாமல் விட முடியுமா என்றால், அதுவும் முடியாது.

சோதிப்பவர்களைச் சோதித்தால்...

2024 ஜூலையில் டாக்டர் பென்னி டாஷ் கொடுத்த இடைக்கால அறிக்கை சி.க்யூ.சி.யையே கூண்டில் ஏற்றியது. 2019-ல் கிட்டத்தட்ட 16,000 ஆய்வுகள். 2023-ல் வெறும் 7,000. அந்த அமைப்பு சோதிக்க வேண்டிய இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு ரேட்டிங்கே கொடுக்கப்படவில்லை. அந்த அமைப்பு அதன் வேலைக்குத் தகுதியாக இல்லை என்று சுகாதாரத் துறை அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங்கே சொன்னார்.

நம்ம ஊர் நிலவரம்? தமிழ்நாட்டில் தனியார் கிளினிக்குகளைப் பதிவு செய்ய 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கான விதிகள் வந்தது 2018-ல். வாசலில் ரேட்டிங் மாட்டும் கட்டாயம் இங்கே இல்லை.

இங்கிலாந்தில் இருக்கும் உங்கள் நண்பர் ரிஜிஸ்டர் பண்ணப் போகிறார் என்றால், சி.க்யூ.சி. வெப்சைட்டில் கிளினிக் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். ‘நன்று’ என்று பச்சையாக வரும். கூடவே கடைசியாக எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது பல வருடம் பழையதாக இருந்தால், அன்றைக்கு இருந்த டாக்டரே இன்று அங்கே இல்லாமல் இருக்கலாம்.