கேமரன் மலையில் இரவில் எரியும் விளக்குகள்: பூவுக்கு எதற்கு வெளிச்சம்?

இரவில் கேமரன் மலைப் பக்கம் போயிருக்கீங்களா? மலைச்சரிவில் வரிசை வரிசையாக விளக்குகள் எரியும். ஏதோ ஊர் என்று நினைத்திருப்பீங்க. அது பூந்தோட்டம்!

பூவுக்கு எதற்கு விளக்கு?

சாமந்திச் செடிக்கு இரவு நீளமாக இருந்தால் போதும், மொட்டு விட்டுவிடும். நம் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் இரவு கிட்டத்தட்ட 12 மணி நேரம். அப்படியே விட்டால் செடி வளர்வதற்குள் பூத்துவிடும். காம்பு குட்டையாகிவிடும். விலையும் கிடைக்காது.

அதனால் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு இரவில் விளக்குப் போட்டுச் செடியை 'ஏமாற்றுகிறார்கள்'. உயரமாக வளர்ந்ததும் விளக்கை நிறுத்திவிடுவார்கள். அப்புறம்தான் மொட்டு.

நாள் தவறினால்?

சீக்கிரம் நிறுத்தினால் காம்பு குட்டை. தாமதித்தால் சீனப் புத்தாண்டு முடிந்த பிறகு பூ வரும். அதை யார் வாங்குவார்கள்?

இதெல்லாம் யார் சொல்லித் தருவது?

மலேசிய விவசாயத் துறை விவசாயிகளுக்கு ஆலோசனை தருகிறது. 1969இல் தொடங்கப்பட்ட மார்டி ஆய்வுக் கழகத்துக்குக் கேமரன் மலையிலேயே நிலையம் இருக்கிறது.

கற்க வேண்டியவை நிறைய:

- இலையின் அடியில் கொப்புளம் தெரிந்தால் அது வெள்ளைத் துரு நோயாக இருக்கலாம். உடனே கவனிக்காவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்கும் பரவும்.

- மலேசியச் சாமந்திக்கு ஜப்பான் முக்கியச் சந்தை. அங்கே இறங்கும் பூக்களை அதிகாரிகள் சோதிப்பார்கள். பூச்சி இருந்தால் மருந்துப் புகை போட வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும்.

- வெட்டிய பூவை உடனே சுத்தமான தண்ணீரில் வைக்க வேண்டும். கடை வரை குளிர்ச்சி குறையக்கூடாது.

பாடம் மட்டும் போதுமா?

போதாது. 2020 மார்ச்சில் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பூக்கடைகள் மூடப்பட்டன. கேமரன் மலை விவசாயிகள் நன்றாக விளைந்த பூக்களைக் குப்பையில் கொட்டினார்கள். அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. வாங்கத்தான் ஆள் இல்லை.

அரிசி என்றால் மூட்டை கட்டி வைக்கலாம். பூ காத்திருக்காது. அதனால் பாடத்தோடு குளிர்பதனக் கிடங்கு, ஒன்றுக்கு மேற்பட்ட சந்தை, நெருக்கடி நேரத்தில் கடனுதவி என எல்லாமே தேவை.

நீங்கள் என்ன செய்யலாம்?

அடுத்த முறை பூ வாங்கும்போது அது எங்கே விளைந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் விளைந்தது என்றால் ஒரு கொத்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் காம்பின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, அடிக்கடி தண்ணீரை மாற்றுங்கள். விவசாயி பல வாரம் பாடுபட்ட பூ, உங்கள் வீட்டில் இன்னும் சில நாள் வாழும்.